வீட்டு நீச்சல் குளம்: முதலில் தண்ணீர், பிறகு மோட்டார். கொங்குப் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டோடு நீச்சல் குளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் டைல்ஸ் நிறம், அப்புறம் லைட், அதற்கப்புறம் மோட்டாரும் ஃபில்டரும் சேர்ந்த ஒரு 'செட்'. எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறோம் என்ற கேள்வி கடைசி நாளில்தான் வருகிறது. சில மாதங்களில் டைல்ஸ் ஓரம் வெள்ளைப் படிவு ஏறித் தண்ணீர் வெளுத்துக் கலங்கும்போது, பழி மோட்டார் மேல் விழுகிறது.

நம் பக்கத்தில் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். போர் தண்ணீரின் கடினத்தன்மைதான், அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவுதான், இங்கே ஃபில்டரையும் குளோரின் வகையையும் அன்றாட வேலையையும் முடிவு செய்கிறது. அது தெரியாமல் வாங்கிய கருவி நல்ல கருவியாகவே இருந்தாலும் தப்பான கருவியாகிவிடும்.

கணக்குகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே குளத்தை எடுத்துக்கொள்கிறேன்: நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.35 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 43.2 கன மீட்டர், அதாவது 43,200 லிட்டர். உங்கள் குளம் இதில் பாதி என்றால் மருந்து அளவுகளையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

1. குழி தோண்டும் முன் தண்ணீர்ச் சோதனை

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீரைப் பிடித்தால் இரும்பு அளவு பொய்யாகக் கூடும். முடிந்தால் சித்திரை, வைகாசியில் எடுங்கள். நீர்மட்டம் இறங்கிய காலத்தில் உப்பு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். திட்டமிட அந்த மோசமான எண்தான் உதவும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கொடுக்கலாம். பிஎச் (அமில, கார அளவு), மொத்தக் காரத்தன்மை (பிஎச்சை நிலையாகப் பிடித்துவைப்பது), கால்சியம் கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு, டிடிஎஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம், கையடக்க டிடிஎஸ் மீட்டர். அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிறது. சாதா உப்பு படிவு ஆகாது, சுண்ணாம்பு ஆகும். இரண்டு போர்களிலும் டிடிஎஸ் 1,000 என்று காட்டலாம். ஒன்று குளத்துக்கு ஒத்துவரும், மற்றொன்று ஆறே மாதத்தில் டைல்ஸை வெள்ளையாக்கும். கால்சியம் எண் இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

எண் வந்ததும் முடிவு இப்படி. கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குள்) இருந்தால் எந்த ஏற்பாடும் சரிதான். 400 முதல் 800 வரை என்றால் மணல் ஃபில்டர், லிக்விட் குளோரின், குறைந்த காரத்தன்மை என்ற பாதையில் போக வேண்டும். தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கும் உப்பு குளோரினேட்டரை மறந்துவிடுங்கள். 800-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தனியாக நிரப்பவே கூடாது, மென்மையான தண்ணீரைக் கலக்க வேண்டும். 800 பாதி, 50 பாதி கலந்தால் 425 வரும்.

சிறுவாணி, பில்லூர் தண்ணீர் மென்மையானதுதான். ஆனால் வீட்டுக் குடிநீர் இணைப்பை 43,000 லிட்டர் குளத்துக்குத் திருப்புவது ஊருக்குச் செய்யும் அநியாயம். லாரித் தண்ணீர் வாங்குவதென்றால் 12,000 லிட்டர் லாரி நான்கு வரும். 'ஆத்துத் தண்ணி' என்று சொல்லிப் போர் தண்ணீர் வருவதுண்டு. லாரிக்காரர் வால்வைத் திறக்கும் முன் ஒரு டம்ளர் பிடித்துக் கடினத்தன்மைக்கான சொட்டுச் சோதனை செய்துவிடுங்கள்.

திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஓரம் என்றால் குளோரைடு எண்ணைத் தனியாகப் பாருங்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் நிலத்தில் இறங்கிய உப்பு அது. குளோரைடு கூடினால் சாதாரண 304 வகை எஃகு ஏணி துரு கட்டும். 316 வகை வாங்க வேண்டியிருக்கும்.

2. குளம்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்

இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: "ஏனுங்க, கெணத்துல எந்த மருந்து போட்டோமுங்க? தண்ணி நல்லாத்தானுங்க இருந்துச்சு?" கிணற்றில் ஊற்று வந்துகொண்டே இருந்தது, மோட்டார் அதைக் காட்டுக்கு இறைத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் தானாக மாறியது. குளத்தில் ஒரே தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, அதனால்தான் ஃபில்டரும் குளோரினும்.

தோட்டத்து வீட்டில் லீவுக்கு வரும் குழந்தைகளுக்காக மட்டும் என்றால் 5,000, 6,000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். காலையில் நிரப்பி, மறுநாள் மடை திறந்து தென்னைக்கு விட்டுவிடலாம். எப்படியும் மரத்துக்குப் போகிற தண்ணீர்தான். மருந்தில்லாத தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. தொட்டி ஆழம் குறைவு என்று காவலில்லாமல் விடவும் கூடாது.

3. ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள், மோட்டாரைப் பிறகு பாருங்கள்

கடையில் மோட்டாரின் ஹெச்பியில்தான் பேச்சு தொடங்கும். நீங்கள் ஃபில்டரில் தொடங்குங்கள். மணல் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதுதான் எல்லை. மோட்டார் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்.

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியே போய்வருவது வீட்டுக்குப் போதுமான சுழற்சி. 43.2-ஐ 5-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 8.6 கன மீட்டர். ஒரு சதுர மீட்டர் மணல் பரப்புக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்று வைத்தால், 600 மி.மீ. விட்டமுள்ள ஃபில்டர் மணிக்கு 8.5 கன மீட்டர் தாங்கும். நம் குளத்துக்கு அதுதான் அளவு. விற்பவர் 500 மி.மீ. போதும் என்றால் எந்த வேகத்தில் என்று கேளுங்கள். வேகம் கூடினால் மண்துகள் மணலுக்குள் தங்காமல் ஊடுருவிக் குளத்துக்கே திரும்பும்.

கார்ட்ரிட்ஜ் ஃபில்டரை இங்கே நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆடிக் காற்றில் வரும் செம்மண் தூசியும் சுண்ணாம்பும் சேர்ந்து அதை அடைத்துவிடும். கழுவிக் கழுவிக் கை ஓயும். சுவரில் மாட்டும் குழாயில்லா யூனிட் சின்னக் குளத்துக்குச் சரி, இந்த அளவுக்கு வேண்டாம்.

மணல் கொட்டும்போது ஒரு கவனம் தேவை. ஃபில்டர் தொட்டியில் முதலில் பாதிவரை தண்ணீர் நிரப்புங்கள், பிறகு மணலை மெதுவாகச் சரியுங்கள். அடியில் இருக்கும் துளைக் குழாய்கள் மெல்லிய பிளாஸ்டிக். வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் விரிசல் விழும், பிறகு குளத்தடியில் மணல் வந்து சேரும். ஃபில்டருக்கென்று சலித்த 0.4 முதல் 0.8 மி.மீ. சிலிக்கா மணல்தான் வேண்டும். கட்டட மணலோ எம்-சாண்டோ ஆகாது.

4. மோட்டார்

கோவையில் மோட்டாருக்குப் பஞ்சமில்லை என்பதாலேயே இந்தத் தப்பு நடக்கிறது: வீட்டில் கிடக்கும் மோனோபிளாக்கை மாட்டிவிடுவது. வார்ப்பிரும்பு உடல் குளோரின் தண்ணீரில் துருப்பிடித்து டைல்ஸில் பழுப்புக் கறையாக இறங்கும். இலையையும் முடியையும் பிடிக்கும் கூடையும் அதில் இருக்காது. நீச்சல் குளத்துக்கென்று வரும் பிளாஸ்டிக் உடல், முன்கூடையுள்ள, தானே தண்ணீர் இழுக்கும் பம்ப்தான் வேண்டும்.

பெட்டியில் இருக்கும் அதிகபட்ச ஓட்ட எண்ணைப் பார்க்காதீர்கள். 10 மீட்டர் ஹெட்டில் (தண்ணீரை 10 மீட்டர் உயரம் தள்ளுவதற்குச் சமமான தடையில்) மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரைபடத்தில் பாருங்கள். நமக்கு 8.5 வேண்டும், பெரும்பாலான கம்பெனிகளில் அது முக்கால் அல்லது 1 ஹெச்பியில் வந்துவிடும். 5 ஹெச்பி, 7.5 ஹெச்பி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சின்னதாகத் தெரியும். "ரெண்டாப் போட்டா சீக்கிரம் சுத்தமாகுமில்லீங்க?" என்று கேட்பார்கள். ஆகாது. பெரிய மோட்டார் மணலைக் குடைந்து அழுக்கைத் திருப்பி அனுப்பும்.

வேகம் மாற்றக்கூடிய பம்ப் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகும், மின்செலவோ எட்டில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கும். சாதாரண 1 ஹெச்பி பம்ப் நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 8 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டும்போது கட்டண அடுக்கே மாறிவிடும்.

5. குழாய், ஸ்கிம்மர், அடிவாய்

இழுக்கும் பக்கம் 63 மி.மீ. குழாய் போடுங்கள். வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குள் நிற்கும், பம்ப் காற்றிழுக்காது. மோட்டார் அறை குளத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இருப்பது நல்லது. தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் வைத்தால் ஒவ்வொரு மீட்டர் குழாயும் ஹெட்டைத் தின்னும்.

மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் சுவர்வாயான ஸ்கிம்மரைக் காற்று போய்ச் சேரும் பக்கத்தில் வையுங்கள். ஆனி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மிதக்கும் குப்பை எல்லாவற்றையும் கிழக்குக் கரையில் ஒதுக்கும். ஸ்கிம்மர் கிழக்குச் சுவரில் இருந்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். மேற்கில் வைத்த வீடுகளில் வலையோடு ஒருவர் தினமும் நிற்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் திரும்பி வரும் வாய்களையும் அந்தத் திசைக்கே தள்ளும்படி திருப்பி வையுங்கள்.

நாலாபுறமும் வழியும் ஓவர்ஃப்ளோ குளம் பார்க்க அழகு. ஆனால் வழியும் தண்ணீரைப் பிடிக்கத் தனி பேலன்ஸ் தொட்டி வேண்டும், ஆவியாவதும் கூடும். தண்ணீர் கடினமான ஊரில் அந்த வழியும் விளிம்பு முழுக்கச் சுண்ணாம்பு கட்டும். அதனால் ஸ்கிம்மரே என் தேர்வு.

குளத்தடியில் தண்ணீரை இழுக்கும் துளையான அடிவாய் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு அடிவாய்கள், இடையே குறைந்தது ஒரு மீட்டர் தூரம், ஒரே குழாயில் இணைப்பு, இரண்டிலும் சுழல் தடுக்கும் குவிந்த மூடி. ஒற்றை வாய் என்றால் குழந்தையின் உடலோ முடியோ அதை மூடும்போது மோட்டாரின் முழு இழுப்பும் அங்கே விழும். அமெரிக்காவில் 2002-இல் ஒரு 7 வயதுச் சிறுமி ஸ்பா தொட்டியின் அடிவாயில் சிக்கி இறந்த பிறகு, 2007-இல் இதற்கென்றே அங்கே சட்டம் வந்தது. உடைந்த மூடியைப் பார்த்தால் மாற்றும் வரை மோட்டாரைப் போடாதீர்கள்.

வேலி இதோடு சேர்ந்த செலவு. 1.2 மீட்டர் உயரம், தானாக மூடிக்கொள்ளும் கதவு, குழந்தை கைக்கு எட்டாத தாழ்ப்பாள். குளம் நிரம்பும் நாளுக்கு முன் வேலி முடிந்திருக்க வேண்டும்.

6. மின்சாரம்

பம்புக்கும் லைட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த், குளத்துக்குள் 12 வோல்ட் லைட் மட்டும். ஏணி, கைப்பிடி போன்ற உலோகங்களையெல்லாம் ஒரே எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

தோட்டத்தில் இலவச விவசாய இணைப்பு இருக்கிறதே என்று அதில் குளத்து மோட்டாரை மாட்ட வேண்டாம். பாசனத்துக்குக் கொடுத்த மின்சாரம் அது. வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல். மாலையில் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் குறைமின்னழுத்தப் பாதுகாப்பும் டைமரும் சேர்ந்த பேனல் போட்டால் காயில் கருகாது.

7. எந்தக் குளோரின்?

இதில்தான் அதிகம் பணம் வீணாகிறது, ஆபத்தும் இதில்தான். நிதானமாகப் படியுங்கள்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம். 30 முதல் 35 சதவீதம்தான் குளோரின். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் அதைக் கொட்டினால் கலங்கலும் படிவும்தான் மிச்சம். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுத்தமானது என்றாலும் கால்சியம் சேர்க்கும்: நாளுக்கு 2 பிபிஎம் குளோரின் போட்டால் மாதத்தில் கடினத்தன்மை சுமார் 40 கூடும்.

டிசிசிஏ (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரையில் குளோரின் 90 சதவீதம். கால்சியம் இல்லை, கையாள எளிது. அதில் வேறொரு பொருள் ஒளிந்திருக்கிறது: சயனூரிக் அமிலம். ஒவ்வொரு 1 பிபிஎம் குளோரினோடும் 0.6 பிபிஎம் சயனூரிக் சேரும். 30 முதல் 50 வரை அது நன்மை. வெயிலில் குளோரின் எரிந்துபோகாமல் காக்கும். 100-ஐத் தாண்டினால் குளோரினை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சோதனைக் கிட்டில் குளோரின் 3 என்று காட்டும், தண்ணீரோ பச்சையாகும். ஆண்டு முழுவதும் மாத்திரை மட்டும் போடும் குளங்கள் கடைசியில் இந்த நிலைக்குத்தான் வருகின்றன. சயனூரிக்கைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வீட்டில் வேறு நடைமுறை வழியில்லை.

லிக்விட் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், 10 முதல் 12 சதவீதம். கால்சியமும் இல்லை, சயனூரிக்கும் இல்லை. குறை, வெயிலில் வீரியம் இறங்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வைக்க வேண்டும்.

போர் தண்ணீருக்கு நான் சொல்லும் வழி இரண்டையும் சேர்த்தது. முதல் மாதம் டிசிசிஏ. அது அமிலத்தன்மை உள்ளது, போர் தண்ணீரின் மிகையான காரத்தன்மையைக் கொஞ்சம் தின்னும். கூடவே தேவையான சயனூரிக்கையும் சேர்த்துவிடும். நாளுக்கு 2 பிபிஎம் வீதம் போட்டால் ஒரு மாதத்தில் சயனூரிக் 36 ஆகும். 40-ஐ நெருங்கியதும் நிறுத்தி லிக்விடுக்கு மாறுங்கள்.

உப்பு குளோரினேட்டர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தண்ணீரில் 3,000 முதல் 4,000 பிபிஎம் உப்பு வேண்டும், நம் குளத்துக்கு 150 கிலோ. மென்மையான தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். கடினத் தண்ணீரில் செல் தகடுகளில் சுண்ணாம்பு கட்டும். அடிக்கடி அமிலத்தில் கழுவ வேண்டிவரும், ஒவ்வொரு கழுவலிலும் தகட்டின் பூச்சு தேயும். இன்னொன்று, ஃபில்டர் மணலைத் தலைகீழ் ஓட்டத்தில் கழுவி வெளியேற்றும் அந்த உப்புத் தண்ணீரை (பேக்வாஷ்) நிலத்தில் விட முடியாது. தோட்டம் வைத்திருப்பவருக்கு இதுவே வேண்டாம் என்பதற்குப் போதும்.

பாதுகாப்பு: டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே அளவுக் கப்பைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். அமிலமும் எந்தக் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. மோட்டார் பேனல் பக்கத்திலும் கூடாது.

8. நிரப்புவதும் முதல் இரண்டு வாரமும்

டைல்ஸ் ஒட்டும் முன் ஒருமுறை நிரப்பி ஒரு வாரம் வைத்துக் கசிவு பார்த்திருக்க வேண்டும். டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் நன்றாக இறுகிய பிறகே இறுதியாக நிரப்புங்கள்.

தண்ணீர் ஸ்கிம்மர் வாயின் நடுமட்டம் வந்ததும், ஃபில்டர் வால்வின் கைப்பிடியை முதலில் பேக்வாஷில் போட்டுப் புது மணலின் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு அரை நிமிடம் ரின்ஸ், அதன்பின் ஃபில்டர். கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் பிய்ந்து, அழுக்குத் தண்ணீர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போகும். சுத்தமான ஃபில்டர் காட்டும் அழுத்தத்தை மார்க்கர் பேனாவால் தொட்டியிலேயே எழுதிவையுங்கள். பின்னால் எல்லா முடிவுக்கும் அந்த எண் வேண்டும்.

இனி மருந்து. வரிசை முக்கியம்: காரத்தன்மை, பிஎச், கடைசியில் குளோரின். காரத்தன்மை சரியாகாமல் பிஎச் நிற்காது. பிஎச் சரியாகாமல் குளோரின் வேலை செய்யாது. பிஎச் 7.5-இல் பாதிக் குளோரின் வீரியமான வடிவில் இருக்கும், 8-இல் கால்வாசிகூடத் தேறாது.

நம் போர்களில் காரத்தன்மை 300 சாதாரணம். கடினத்தன்மை கூடுதலான தண்ணீரில் இதை 70, 80-க்குக் கொண்டுவர வேண்டும். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 800 மில்லி ஊற்றினால் இந்தக் குளத்தில் காரத்தன்மை 10 பிபிஎம் குறையும். ஆக மொத்தம் 18 லிட்டர் தேவை. கேட்டதும் பயப்படுவார்கள், அல்லது அவ்வளவையும் ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். இரண்டும் தப்பு. ஒரே நாளில் ஊற்றினால் பிஎச் அடிமட்டத்துக்குப் போய் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரிக்கும்.

முறை இது. நாளுக்கு ஒருமுறை 2 லிட்டர். வாளியில் முதலில் குளத்துத் தண்ணீர், அதில் அமிலம். ஒருபோதும் அமிலத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி போட்டு, காற்று முதுகில் படும்படி நின்று, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் மெல்லப் பரப்புங்கள். ஸ்கிம்மருக்குப் பக்கத்தில் வேண்டாம், அடர்த்தியான அமிலம் நேராகப் பம்புக்குள் போகும். பிஎச் 7.2-க்கு இறங்கும். திரும்பிவரும் வாய்களை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தால் கரியமில வாயு வெளியேறி பிஎச் மறுபடி ஏறும். காரத்தன்மை மட்டும் இறங்கியபடி நிற்கும். மறுநாள் சோதித்து மறுபடி. காரத்தன்மை 150-க்குக் கீழ் வந்ததும் 1 லிட்டராகக் குறையுங்கள், ஏனென்றால் அதே அளவு அமிலம் இப்போது பிஎச்சை அதிகம் சரிக்கும்.

ஏன் இவ்வளவு பாடு? படிவு விழுமா விழாதா என்பதை லாங்கிலியர் குறியீடு சொல்லும்; -0.3 முதல் +0.3 வரை நலம். கடினத்தன்மை 600, காரத்தன்மை 100, பிஎச் 7.8, தண்ணீர் 30 டிகிரி என்றால் குறியீடு 0.8, சுண்ணாம்பு கட்டியே தீரும். கடினத்தன்மை அதே 600-ஆக இருக்க, காரத்தன்மை 70, பிஎச் 7.3 ஆக்கினால் 0.15. தண்ணீரை மாற்றாமலே படிவு நின்றுவிடுகிறது.

கடைசியாகக் குளோரின். 1 பிபிஎம் ஏற்ற 10 சதவீத லிக்விட் 430 மில்லி, அல்லது டிசிசிஏ 48 கிராம். இரும்பு உள்ள போர் என்றால் குளோரின் பட்டதும் தண்ணீர் பழுப்பாகும். அது கெட்டுப்போகவில்லை, கரைந்திருந்த இரும்பு வெளியே வருகிறது. 600 கிராம் படிகாரத்தைக் கரைத்துப் பரப்பி, ஃபில்டர் மணல் வழியே போகாத ரீசர்குலேட் நிலையில் ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, இரவு மோட்டாரை நிறுத்திவிடுங்கள். காலையில் அடியில் படிந்ததை வேஸ்ட் நிலையில் மெதுவாக உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஃபில்டர் நிலையில் உறிஞ்சினால் மணல் அடைத்துக்கொள்ளும். ஆடிக் காற்றுத் தூசிக்கும் இதே வைத்தியம்.

குளோரின் 1 முதல் 3, பிஎச் 7.2 முதல் 7.6 வந்த பிறகே ஆட்களை இறக்குங்கள்.

9. அன்றாட, வார வேலை

தினமும்: ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்வது, குளோரினும் பிஎச்சும் பார்ப்பது. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும் காலத்தில் கூடையை இரண்டு வேளை பார்க்க வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய கிட் மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்கினால் வேலை செய்யும் குளோரினைத் தனியாகப் பார்க்கலாம். லிக்விடை மாலையில் ஊற்றுங்கள், இரவு முழுவதும் வெயில் படாமல் வேலை செய்யும். கோடையில் நாளுக்கு 800 மில்லிக்குக் குறையாமல் தேவைப்படும்.

கண் எரிச்சலும் காட்டமான நெடியும் வந்தால் குளோரின் அதிகம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். வியர்வை, சிறுநீரோடு கட்டுண்ட குளோரினின் நெடி அது. குளோரின் போதவில்லை என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை சுவர் தேய்ப்பது, அடி உறிஞ்சுவது, காரத்தன்மை பார்ப்பது. அழுத்தம் எழுதிவைத்த எண்ணைவிட 0.5 பார் ஏறினால் பேக்வாஷ், இரண்டு மூன்று நிமிடம். அந்தத் தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்துத் தென்னைக்கு விடலாம், தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். எலுமிச்சைக்கும் காய்கறிப் பாத்திக்கும் வேண்டாம். மாதம் ஒருமுறை கடினத்தன்மையும் சயனூரிக்கும்.

தண்ணீர் பச்சையானால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தேடாதீர்கள். தோட்டத்தில் எப்போதும் இருப்பதால் கை அதற்குத்தான் போகும். கடினத் தண்ணீரில் அது நிற்காமல் படிந்து டைல்ஸில் நீலப்பச்சைக் கறையாகும். பிஎச்சை 7.2-க்கு இறக்கி, மாலையில் 4 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக லிக்விட் ஊற்றிக் குளோரினை 10-க்கு ஏற்றுங்கள். சுவர் முழுக்கத் தேய்த்து, மோட்டாரை இரவு பகலாக ஓடவிடுங்கள். இரவு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை குளோரின் அளந்து, குறைவு 1 பிபிஎம்முக்குள் நிற்கும் வரை தினமும் தொடருங்கள். தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் பாசி திரும்பும்.

10. ஆவியாவது தண்ணீர், தங்குவது சுண்ணாம்பு

கோடையில் நாளுக்கு 6 மி.மீ. இறங்குவது இயல்பு; 32 சதுர மீட்டர் பரப்பில் அது 190 லிட்டர். கசிவோ என்று சந்தேகம் வந்தால் படிக்கட்டில் ஒரு வாளியைக் குளத்து மட்டத்துக்கு நிரப்பி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். குளம் வாளியைவிட அதிகம் இறங்கியிருந்தால் கசிவு.

ஆவியாகும்போது சுண்ணாம்பு போகாது. மழை ஈடுசெய்தது போக ஆண்டுக்கு 50,000 லிட்டர் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். 600 பிபிஎம் போர் தண்ணீர் என்றால் 30 கிலோ கடினத்தன்மை குளத்தில் சேரும். எண்ணில் ஏறத்தாழ 700 கூடும். முதல் ஆண்டு நன்றாக இருந்த குளம் இரண்டாம் ஆண்டு ஏன் வெளுக்கிறது என்பதற்குப் பதில் இதுதான்.

இதற்கு இரண்டு வழி. முதலாவது, ஈடு ஊற்றும் குழாயில் மட்டும் சின்ன சாஃப்ட்னர், அதாவது சுண்ணாம்பைப் பிடித்துத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி. 25 லிட்டர் ரெசின் உள்ளது ஒரு வாரம் தாங்கும், பிறகு உப்பு போட்டு மீட்க வேண்டும். குளம் முழுவதையும் அதில் நிரப்ப முயலாதீர்கள், இருபது தடவைக்கு மேல் மீட்டெடுக்க வேண்டிவரும்.

இரண்டாவது, மொட்டைமாடி மழைநீர். 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 600 மி.மீ. மழை பெய்து அதில் எண்பது சதவீதம் பிடித்தாலே 44,000 லிட்டர் தேறும், நம் குளத்தின் அளவு. ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டுங்கள், முதல் மழையை வெளியே விடுங்கள், அதன் பிறகு வருவதைச் சல்லடை வழியாகத் தொட்டியில் சேருங்கள். மழை நாட்களில் குளத்தை 20 செ.மீ. இறக்கிவிட்டு மழைநீரால் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் ஏழில் ஒரு பங்கு சுண்ணாம்பு வெளியேறும். இப்படி நிரப்பிய பிறகு காரத்தன்மையை மறுபடி அளக்க வேண்டும், மழைநீரில் அது இல்லை. 60-க்குக் கீழே போனால் சமையல் சோடா 720 கிராம் போட்டு 10 பிபிஎம் ஏற்றலாம்.

மழைக்காலத்தில் குளத்தை முழுசாகக் காலி செய்யாதீர்கள், அதுவும் எஃப்ஆர்பி (கண்ணாடியிழை) குளமாக இருந்தால். நிலத்தடி நீர் மேலேறி அடியிலிருந்து தள்ளும்போது காலிக் குளம் மிதந்து எழும், அல்லது விரிசல் விடும். பழுதுபார்க்க முழுக்கக் காலி செய்தே ஆக வேண்டுமென்றால் மாசி, பங்குனி வரை பொறுத்திருங்கள்.